மெஜாரிட்டிக்கு மேலே ஒரு கையெழுத்து

பிப்ரவரி 9, ஞாயிறு

மாநில அரசு வேப், அதாவது மின்சிகரெட் விற்பனையை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யப் போகிறதாம். ஜூன் மாதத்துக்குள் ஆட்சிக்குழு முடிவெடுக்கும் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். சிகரெட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது வழக்கம்போல் பெட்ரோல் ஸ்டேஷன் கல்லாவுக்குப் பின்னால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். நான் பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டியபோது தினமும் இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளினேன். அப்போது எந்தப் பெரிய மனுஷனுக்கும் என் நுரையீரல்மீது அக்கறை வரவில்லை. வேப்புக்கு மாறி, இருமல் நின்று, தாமான் மெலாத்தியில் சொந்தமாக இந்த வேப் கடையைப் போட்ட பிறகு எல்லோருக்கும் அக்கறை பொத்துக்கொண்டு வருகிறது.

இன்று கடையில் பதினேழு பேர் கூடி 'வேப் பயனீட்டாளர் உரிமைச் சங்கம்' ஆரம்பித்தோம். லிம் தலைவர். அவருக்கு மூன்று கடைகள் இருக்கின்றன, நேரம்தான் இல்லை. நான் செயலாளர். ஆக வேலை முழுக்க என் தலையில். நடப்பதை அன்றன்றே எழுதி வைக்கச் சொன்னார் லிம். அதற்குத்தான் இந்த நோட்டு. உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடைக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டது. நகராட்சிக்கு மூன்று முறை போன் செய்து புகார் சொன்னேன், ஒருவரும் வரவில்லை. நானே கம்பி விட்டுக் குத்தினேன். என் கடையை மூடுவதென்றால் மட்டும் நாளைக்கே வந்துவிடுவார்கள்.

சாயங்காலம் முனீஸ் வந்தான். செவ்வாய் தோறும் வருவான், அன்னாசி ஃபிளேவர் ஒரு பாட்டில் வாங்குவான். முனீஸ்வரனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவன் படித்தான், தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக வாத்தியார். நான் லாரிக்குப் போனேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு பாக்கெட் பிடித்தால் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எத்தனையோ முயன்றும் அவனால் விட முடியவில்லை. கடைசியில் நான்தான் வேப்பைக் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு சிகரெட் தொட்டதில்லை. வரும் ஜூலையில் அவனுக்குத் துணைத் தலைமையாசிரியர் பதவி கிடைக்கப் போகிறது.

"கவர்மெண்டு தடை பண்ணிட்டா நீ என்னா செய்வ?" என்று கேட்டேன்.

"பயமா இருக்குடா" என்றான். பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பிப்ரவரி 20, வியாழன்

சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனோம். வைபி என்று ஊரே கூப்பிடும் அந்த ஆள் ஒன்றேகால் மணி நேரம் காக்க வைத்தார். உள்ளே ஏசி குளிரில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் கொண்டுபோன மருத்துவ ஆய்வு, புள்ளிவிவரம் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. போன தடவ என் மெஜாரிட்டி மூவாயிரத்து அறுநூத்திப் பதினாலு. அதவிட ஒரு கையெழுத்து கூடக் கொண்டு வாங்க. என் தொகுதி ஆளுங்களா இருக்கணும், அடையாள அட்டையில உள்ள ஐசி நம்பரோட. அப்ப நான் ஆட்சிக்குழுவுல வாயத் தொறக்கறேன்."

எனக்கு ஐம்பத்தொரு வயது. என்னைத் தம்பி என்கிறார், அவருக்கு நாற்பத்திநாலு. பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாள் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். இவர்களுக்குப் புரிகிற பாஷை இதுதான்.

பிப்ரவரி 27, வியாழன்

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி செண்பகவல்லி பேப்பரில் பேட்டி கொடுத்திருக்கிறார். "வேப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வேலைவெட்டி இல்லாதவர்கள்" என்று. படித்ததும் ரத்தம் கொதித்தது. கையெழுத்து வாங்க அச்சடித்த போரத்தில் பெயர், ஐசி, விலாசம், கையெழுத்து என்றுதான் லிம் போட்டிருந்தார். 'தொழில்' என்று இன்னொரு கட்டத்தை நான் சேர்த்தேன். நர்ஸ், கிளார்க், இன்ஜினியர் என்று வரிசையாக எழுதிக் காட்டினால் அந்த அம்மாள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று பார்க்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆயிரத்து நூறு கையெழுத்து சேர்ந்திருக்கிறது. வருபவர்கள் எழுதச் சோம்பல் படுகிறார்கள். நாங்களே எழுதிக் கொடுக்கிறோம், அவர்கள் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகிறார்கள். எல்லாக் கடையிலும் இப்படித்தான்.

முனீசிடம் போரத்தை நீட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

செண்பகவல்லி நேராகக் கடைக்கே வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வேப்.

"அஞ்சாம் வகுப்புப் பொண்ணோட பைல இருந்திச்சி. இத நீங்கதானே விக்கிறீங்க? பதினோரு வயசு. கழிவறைல மயங்கிக் கெடந்துச்சி சார்."

"என் கடைல பதினெட்டு வயசுக்குக் கீழ யாருக்கும் குடுக்கறதில்ல. இங்க போர்டு தொங்குது பாருங்க. படிக்கத் தெரியும்ல?"

"போர்டு நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு நல்லா இல்ல."

வாடிக்கையாளர்கள் முன்னால் அவமானமாகிவிட்டது. வெளியே போங்கம்மா என்று கத்தினேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். அவர் போன பிறகு இரண்டாவது அலமாரியில் அதே இளஞ்சிவப்புப் பெட்டிகளை எடுத்து உள்ளே வைத்தேன். வெயில் பட்டு நிறம் மங்குகிறது. அந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது. இதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. புகை விடும்போது மட்டும் உரிமை உரிமை என்று கூவுகிறவர்கள், ஐசி நம்பர் என்றதும் நழுவுகிறார்கள். இவர்களுக்காகவா நான் நாயாய் அலைகிறேன்? வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். லிம்முக்குப் போன் செய்தேன். "குணாளன், நீங்க பார்த்துக்கோங்க லா" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்தேன். பத்து பாட்டில் வாங்கினால் ஒன்று இலவசம் என்று உறுப்பினர் புத்தகம் வைத்திருக்கிறோமே, அதில் பெயர், ஐசி, வேலை எல்லாம் இருக்கிறது. லிம் கடைப் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. உறுப்பினர்கள் எல்லோரும் நம் பக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க நேரமில்லை.

சாயங்காலம் முனீஸ் வந்தான். புத்தகத்தை மேசைக்கு அடியில் தள்ளினேன். பாட்டில் வாங்கிக்கொண்டு, பள்ளியில் விளையாட்டுப் போட்டி வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது மொத்தம் மூவாயிரத்து எழுநூற்று இரண்டு. ஐந்து பேனா தீர்ந்தது. கை வலிக்கிறது.

மார்ச் 19, புதன்

கட்டைவிரல் வீங்கிவிட்டது. என் மனைவி விமலா எண்ணெய் தேய்த்துவிட்டு, "கடைல அப்படி என்னாங்க வேல?" என்று கேட்டாள். சரக்குக் கணக்கு எடுத்தேன் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று எங்கள் நாள்!

சேவை மையத்தில் நிருபர்கள் ஆறு பேர். வைபி தந்திரக்காரர், எதிர்த் தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நான் நான்கு பெட்டிகளையும் மேசைமீது அடுக்கினேன். செண்பகவல்லி எழுந்தார்.

"இத்தன பேருல குடும்பம் நடத்தற ஆளு, பொறுப்பான உத்தியோகத்துல இருக்கற ஆளு ஒருத்தராச்சும் இருக்காங்களா? ஒரு வாத்தியார் இதுல கையெழுத்து போடுவாரா?"

முதல் பெட்டியில் மேலே இருந்த போரத்தை எடுத்தேன். அது தற்செயலாக ஒரு ஆசிரியருடையது. வாசித்தேன். அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். வைபி என் கையைக் குலுக்கினார். படம் எடுத்தார்கள்.

பெயரைச் சொன்னேனா இல்லையா என்று ஞாபகமில்லை. ஆசிரியர் என்று சொன்னேன். அது நிச்சயம்.

மார்ச் 22, சனி

பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் என் படம். போரத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறேன். எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. இந்தக் காலத்துக் கேமராக்கள்.

கீழே செய்தியில் முனீஸ்வரன் என்ற பெயரும் பள்ளியின் பெயரும் இருக்கின்றன. சொல்லித்தான் இருக்கிறேன் போல.

விமலா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "முனீஸ் அண்ணன் கரும்பலகைல எழுதிப் பழகுன கை. எழுத்து முத்து மாதிரி இருக்கும்" என்றாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

மழை. முனீஸ் வரவில்லை. மழையில் யார் வருவார்கள்.

ஏப்ரல் 2, புதன்

சந்தையில் முனீஸ் மனைவி காஞ்சனாவை விமலா பார்த்திருக்கிறாள். முனீசுக்குக் கல்வி இலாகாவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறதாம். அரசு ஊழியர், அரசுக் கொள்கைக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று. துணைத் தலைமையாசிரியர் பதவியை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

இது அராஜகம். ஒரு குடிமகன் கருத்துச் சொல்லக் கூடாதா? சங்கத்தின் வாட்சப் குழுவில் கண்டனம் எழுதினேன். இருநூறு பேர் கை முஷ்டி படம் போட்டார்கள். முனீசை 'நமது மாவீரன்' என்று எழுதினார் ஒருவர்.

ஏப்ரல் 3, வியாழன்

முனீசுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வரவில்லை. அன்னாசி பாட்டில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று முனீசுக்கு விசாரணை. காலையிலிருந்து கடையில் எதிலும் மனம் நிற்கவில்லை. மூன்று பேருக்கு மாற்றி மாற்றிச் சரக்குக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தெரியாமல் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். போலீஸ் கார் ஒன்று கடை முன்னால் நின்றது. பக்கத்துச் சலவைக் கடைக்கு வந்தவர்கள்தான்.

நாலு மணிக்கு வைபியின் உதவியாளன் போன் செய்தான். "அண்ணே, உங்க வாத்தியார் சிங்கம்ணே. போரத்த காட்டி உங்க கையெழுத்தானு கேட்டிருக்காங்க. ஆமா, என்னுதுதான்னு சொல்லிட்டாராம்."

போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்ட மீன் சரியில்லை.

இல்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது. பயம் விட்டதில் வந்த வாந்தி அது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மே 2, வெள்ளி

முனீசுக்குப் பதவி உயர்வு ரத்து. ஜூன் மாதத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றம்.

"நீங்க போயி அவரப் பாக்கல்லனா நான் இந்த வீட்டுல சமைக்க மாட்டேன்" என்றாள் விமலா.

மே 4, ஞாயிறு

போனேன்.

கூடத்தில் அட்டைப் பெட்டிகள். முனீஸ் தரையில் உட்கார்ந்து புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். உட்கார் என்று சொல்லவில்லை. காஞ்சனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் கால் வைத்ததும் தேநீர் வரும். இன்று வரவில்லை.

"நான் ஒங்கிட்ட என்னா சொன்னேன்?" என்று கேட்டான், தலை நிமிராமல்.

"யோசிச்சு சொல்றேன்னு..."

"என்னா சொன்னேன் குணா?"

"வேணாம்னு."

"எப்படி சொன்னேன்?"

"என் பேரு எங்கயும் வரக் கூடாது, பதவி வர்ற நேரம், காஞ்சனாமேல சத்தியமா கேக்கறேன்னு."

"ம்."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"ஏன்டா ஒன்னுதுன்னு சொன்ன?" என்றேன்.

"போரத்த என் முன்னால வெச்சாங்க. பார்த்த ஒடனே தெரிஞ்சிருச்சி யாரு கை அதுன்னு. இல்லன்னு சொன்னா அடுத்து யாரு போட்டதுன்னு கேப்பாங்க. ஐசி நம்பர் போட்டு கள்ளக் கையெழுத்து. போலீஸ் வந்திருக்கும். விமலா தங்கச்சி முகத்த நெனச்சேன். ஒன் முகத்த இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அப்புறம், ஒன்னு கள்ளம்னு தெரிஞ்சா மொத்தப் பெட்டியும் குப்பைக்குப் போயிரும். நெசமா போட்டவங்க இருக்காங்கல்ல. அந்த சாமான் இல்லாட்டி நான் செத்துப் போயிருப்பேன். அதயும் நெனச்சேன்."

தரையில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"என்னுது மாதிரி இன்னும் எத்தன?"

"எண்ணூத்துச் சொச்சம்."

சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அவனிடம் பார்த்ததில்லை.

"நாளைக்கே கல்வி இலாகாவுக்குப் போயி நான்தான் போட்டேன்னு சொல்லிர்றேன்டா. என்னா ஆனாலும் ஆகட்டும்."

"சொல்லு. அப்ப நான் விசாரணைல பொய் சொன்னவன். இப்ப போனது பதவிதான். அப்ப வேலையும் போகும், பென்சனும் போகும். பொறந்ததுலேருந்து ஒன் வாயத் தாங்கிட்டு இருக்கேன். இந்த ஒரு தடவ மூடிக்கிட்டு இரு. அதுதான் நீ எனக்கு செய்யற உபகாரம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது, "இனிமே வராத" என்று உள்ளிருந்து சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் போட்டேன். முனீஸ் போடவில்லை, நான் போட்டேன். அந்தப் போரத்தை முதல் பெட்டியில் மேலே வைத்ததும் நான்தான். செண்பகவல்லி ஒரு வாத்தியார் உண்டா என்று கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும் என்று காத்திருந்தேன். பெயரை உரக்க, பள்ளியின் பெயரோடு, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். வாசிக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

மே 26, திங்கள்

தடை ஒத்திவைப்பு. 'மேலும் ஆய்வு தேவைப்படுவதால்' என்று அறிக்கை. ஆய்வாவது மண்ணாவது. அடுத்த வருஷம் தேர்தல், அதுவரை மூவாயிரத்து எழுநூற்று இரண்டு பேரைப் பகைத்துக்கொள்ள வைபிக்குத் துணிச்சல் இல்லை. அவர்களில் எண்ணூறு பேருக்குத் தாங்கள் அவரை மிரட்டியதே தெரியாது.

கடையில் கேக் வெட்டினார்கள். என் வாயில் ஊட்டினார்கள். விழுங்கினேன்.

ஜூன் 1, ஞாயிறு

சீன மண்டபத்தில் வெற்றி விருந்து. நாற்பது மேசை. வைபி மாலையும் கழுத்துமாக மேடையேறி, தொகுதி மக்களின் உரிமைக்காகத் தன் பதவியையே பணயம் வைத்ததாகப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, "ஒரு சாதாரண தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எல்லாத்தையும் எழந்து, அது என் கையெழுத்துன்னு நெஞ்ச நிமித்தி சொன்னாரு" என்றார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. முனீசுக்குப் பொன்னாடை என்று அறிவித்தார்கள். அவன் சார்பில் வாங்கிக்கொள்ள என்னைக் கூப்பிட்டுத் தோளில் போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

லாரி பட்டறையில், மாமாக் சாப்பாட்டுக் கடையில், போலீஸ் நிலையத்தில், எங்கே போனாலும் பேசிப் பேசியே பிழைத்தவன் நான். நானூறு பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அவன் பென்சன் போய்விடும். மைக்கை லிம்மிடம் திருப்பிக் கொடுத்தேன். "அண்ணன் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காரு" என்றார் லிம். அதற்கும் கை தட்டினார்கள். நாய்ப் பிழைப்பு.

ஜூன் 14, சனி

மத்தியானம் காஞ்சனா போன் செய்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

"அவருக்குத் தெரியாம பேசறேன் அண்ணே. அவரு திரும்ப சிகரெட் பிடிக்கிறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று கேட்டேன். மாற்றல் கடிதத்தோடு ஒரு உறுதிமொழித் தாளும் கொடுத்தார்களாம். வேப் வைத்திருக்க மாட்டேன், உபயோகிக்க மாட்டேன், மீறினால் வேலை போனாலும் கேட்க மாட்டேன் என்று. சிகரெட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லையாம். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். தோட்டத்துக் கடையில் சிகரெட்தான் தொங்குகிறதாம். நேற்று சட்டைப் பையில் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறாள், பாதி காலி.

"அவனுக்கு மூளை இருக்கா? ஸ்டென்ட் வெச்ச ஒடம்பு! டாக்டரு சொன்னது மறந்துட்டானா? போன அவன்கிட்ட குடு, நான் பேசறேன்" என்று கத்தினேன்.

"ஒங்க கிட்ட பேச மாட்டாரு."

"அந்தத் தாளுல ஏன் கையெழுத்துப் போட்டான்? எவன் கேட்டாலும் போட்டுருவானா? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே!"

அந்தப் பக்கம் பின்னால் அவன் இருமுவது கேட்டது.

"முடியாதுன்னு ஒங்ககிட்டகூடத்தான் சொன்னாரு" என்றாள் காஞ்சனா. "இதுலயாச்சும் அவரே போட்டாரு அண்ணே."

வைத்துவிட்டாள்.